பரிசீலனையில் இருந்த மரியசூசை

"அப்பாவ விட நான் எப்பம்மா பெரியவளாவேன்?" என்று அமலராணி கேட்டபோது அவளுக்கு ஏழு வயது. 1955ஆம் வருஷம் தை மாதம், வாயில் கேப்பைக் களியோடு கேட்டாள். அவள் தாய் ஜெபமாலையம்மாள் அதை விளையாட்டுக் கேள்வியாக எடுத்துக்கொள்ளவில்லை. விரல் விட்டு எண்ணிப் பார்த்துவிட்டு, "இன்னும் பதினேழு, பதினெட்டு வருஷம் கெடக்கு. பேசாமத் தின்னு" என்றாள். அவள் சொன்னது சரிதான். அமலராணியின் தகப்பன் மரியசூசைக்கு அப்போது இருபத்து நாலு வயதும் பதினோரு மாதமும் ஆகியிருந்தன. ஏழு வருஷமாக அவருக்கு அதே வயதுதான்.

ஆவூருக்கு ஒன்றரை மைல் தள்ளி இரண்டு ஏக்கர் கடலைக் கொல்லை வைத்திருந்த குடும்பம் அது. அந்தக் குடும்பத்தில் எஸ்.எஸ்.எல்.சி. தேறிய முதல் ஆள் மரியசூசை. 1948 பிப்ரவரியில், புதுக்கோட்டைச் சமஸ்தானத்தில் மழை அளக்கும் சின்ன இலாகா ஒன்றுக்குக் குமாஸ்தா வேண்டுமென்று அறிவிப்பு வந்தது. வயது இருபத்தைந்துக்கு மேல் போகக்கூடாது என்பது நிபந்தனை. மரியசூசைக்கு மார்ச் பத்தொன்பதாம் தேதி, சூசையப்பர் திருநாளன்று, இருபத்தைந்து பிறக்க இருந்தது. அவசர அவசரமாக மனுப் போட்டார். ஒரு வாரத்தில் 114 என்று எண் போட்டு ஒரு கார்டு வந்தது. 'தங்கள் மனு பரிசீலனையில் உள்ளது' என்ற ஒரே வரி. தபால்காரர் கூப்பிட்ட சத்தத்தில், முகம் மழித்துக்கொண்டிருந்த மரியசூசையின் மோவாயில் கத்தி லேசாகப் பட்டு ஒரு துளி ரத்தம் வந்தது. அடுத்த வாரமே சமஸ்தானம் இந்திய யூனியனோடு சேர்ந்துவிட்டது. மழை இலாகாவின் பலகையைக் கழற்றினார்கள். மழை அளக்கும் தகரக் குவளைகளை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். காகிதங்களைச் சிவப்புத் துணியில் கட்டி வேறொரு அலுவலகத்து அலமாரியில் வைத்தார்கள். அந்த அலுவலகத்தில் விசாரித்தபோது, இந்த மனு இப்போது இல்லாத ஒரு அரசாங்கத்துக்கு எழுதியது, இதை ஏற்றுக்கொள்ளவும் தங்களுக்கு அதிகாரம் இல்லை, தள்ளிவிடவும் அதிகாரம் இல்லை என்று மரியாதையாகச் சொன்னார்கள். மார்ச் பத்தொன்பது வந்தது, போனது. மரியசூசைக்கு இருபத்தைந்து பிறக்கவில்லை.

இதை முதலில் கண்டுபிடித்தவன் முடிவெட்டும் ராக்கன். "ஒங்களுக்குத் தாடியே மொளைக்க மாட்டேங்குது. எல்லாரும் இப்பிடி ஆரம்பிச்சா நான் அருவாளத் தூக்கிக்கிட்டுக் கதிரறுக்கப் போக வேண்டியதுதான்" என்று அவன் குறைப்பட்டுக்கொண்டான். நகமும் வளரவில்லை. மோவாயில் பட்ட கீறல் ஆறவும் இல்லை, புரையோடவும் இல்லை. அன்றைக்குப் பட்டதுபோல ஈரமாகவே இருந்தது. ஊரில் இரண்டு மாதம் இதைப் பற்றிப் பேசினார்கள். பிறகு மழை பெய்தது, விதைப்பு வந்தது, மறந்துபோனார்கள். ஆவூர்ப் பங்குச் சாமியார் மட்டும் ஞானஸ்நானப் பதிவேட்டை எடுத்து, மரியசூசை பெயருக்கு நேரே பென்சிலால் 'நிலுவை' என்று எழுதி வைத்தார்.

மாதத்தின் முதல் திங்கட்கிழமை மரியசூசை வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு புதுக்கோட்டைக்கு பஸ் ஏறுவார். 'எனது 114ஆம் எண் மனுவைக் குறித்து மிகத் தாழ்மையுடன் நினைவூட்டிக்கொள்கிறேன்' என்று தொடங்கும் கடிதத்தைக் கொடுத்துவிட்டு, வராந்தா பெஞ்சில் சாயங்காலம் வரை உட்கார்ந்திருப்பார். மாதக் கடைசியில் அதே ஒற்றை வரிக் கார்டு வீட்டுக்கு வரும். அதைச் சுவரில் தொங்கும் கம்பியில் குத்தி வைப்பார். பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்தவர்களின் மனுக்களைத் திருத்திக் கொடுப்பார், பேனா இல்லாதவர்களுக்குப் பேனா கொடுப்பார். அவர் திருத்திய மனுக்களில் பதினோரு பேருக்கு வேலை கிடைத்தது. அதில் ஒருவர் அதே அலுவலகத்தில் மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்து, "பரிசீலனையில இருக்குங்க" என்று அவருக்கே சொல்லவும் செய்தார். மரியசூசைக்கு அதில் வருத்தம் இல்லை. கெட்டிக்காரப் பையன் என்றுதான் வீட்டில் வந்து சொன்னார். ஆவூர்ப் பள்ளிக்கூடத்தில் எழுத்து வேலைக்குக் கூப்பிட்டபோது மட்டும் போகவில்லை. வேறு வேலையில் சேர்ந்தால் அந்த மனு செத்துப்போகும் என்று பயந்தார்.

ஜெபமாலையம்மாள் கடலைக் கொல்லையையும் நாலு வெள்ளாட்டையும் வைத்துக்கொண்டு குடும்பத்தை நடத்தினாள். புருஷன் இளமை மாறாமல் இருப்பது மாதாவின் கிருபை என்றுதான் முதல் சில வருஷம் நினைத்தாள். ஆனால் காலம் அவளை விடவில்லை. மனுப் போட்டபோது இருபது வயதாக இருந்தவள் இருபத்தைந்தைத் தாண்டினாள், முப்பதைத் தாண்டினாள். 1959இல் கண்டக்டர் ஒருவன், "அக்கா, தம்பிக்கும் சேத்து டிக்கெட் எடுத்துருங்க" என்றான். மரியசூசை சிரித்தார். அவளும் சிரித்தாள், ஆனால் இறங்கும்வரை ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். கொழுந்தன் சந்தனராஜ் தனக்கு வழுக்கை விழுந்த பிறகு மரியசூசையிடம், "நான் அண்ணேன்னு கூப்பிட்டா ஊருக்குள்ள என்னயக் கிறுக்கன்னு சொல்றாய்ங்க. இனிமே நீ என்னய அண்ணேன்னு கூப்புடு" என்று கேலி செய்தான். அவள் தலையில் முதல் நரை வந்தது 1962இல். அன்றிலிருந்து அவளுக்கு ஒரே பயம். இப்படியே தான் கிழவியாகிச் செத்துப்போவோம். இந்த மனிதர் இருபத்து நாலு வயதில் ஒரு பெஞ்சில் தனியாக உட்கார்ந்திருப்பார். வெந்நீர் வைத்துக் கொடுக்கக்கூட ஆள் இருக்காது.

1966இல் அமலராணிக்குப் பதினெட்டு வயது. பொன்மலையில் ஃபிட்டராக இருந்த மைக்கேல்சாமிக்கு அவளைக் கேட்டு வந்தார்கள். பையனுக்கு இருபத்தேழு வயது. பெண்ணைப் பிடித்துப்போயிற்று. காப்பி கொண்டுவந்து கொடுத்த மரியசூசையைப் பார்த்து, "பொண்ணோட அண்ணனா?" என்று பையனின் தாய் கேட்டாள். விவரம் தெரிந்ததும் தம்ளரைக் கீழே வைத்துவிட்டாள். "கல்யாணத்துல மாமனாரு காலுல மாப்பிள்ள விழுவானா, மாப்பிள்ள காலுல மாமனாரு விழுவாரா? மொதல்ல ஒங்க வீட்டு வயச ஒரு ஒழுங்குக்குக் கொண்டாங்க. அப்பறம் பேசுவோம்." அமலராணி உள்ளே நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

அன்று சாயங்காலம் ஜெபமாலையம்மாள் புருஷனிடம், "இல்லைன்னு பதில் வந்துட்டா என்னங்க செய்வீங்க?" என்று கேட்டாள்.

"இல்லைன்னு அவுங்க சொல்லலயே, ஜெபமால" என்றார் மரியசூசை. அவர் முகத்தில் இருந்த நம்பிக்கையைப் பார்க்க அவளுக்குத் தாங்கவில்லை. ஒரு மனிதன் பதினெட்டு வருஷம் காத்து வைத்ததை அறுத்துவிடுவது பாவமா, அறுக்காமல் விடுவது பாவமா என்று ஆவூர்க் கோவிலில் முழங்காலில் நின்று கேட்டாள். அவர் போகாத ஒரு வியாழக்கிழமையாகப் பார்த்துத் தனியாக பஸ் ஏறினாள்.

அலுவலகத்தில் டைப்பிஸ்டாக இருந்தவர் பிரகதாம்பாள் என்ற பெண்மணி. வயது முப்பத்து மூன்று, நான்கு இருக்கும். சிவப்புத் துணிக்கட்டை இறக்கித் தூசி தட்டி 114ஐ எடுத்துப் பார்த்தார். "இத இல்லைன்னு சொல்லவும் ஒரு அதிகாரி கையெழுத்துப் போடணும், அக்கா. அந்த நாற்காலியே இப்ப இல்லையே" என்றார்.

"இல்லைங்கிற ஒரு வார்த்தைக்கா தாயி இவ்வளவு பஞ்சம்?" என்று கேட்டாள் ஜெபமாலையம்மாள். பிறகு பஸ் கண்டக்டர் சொன்னதையும், மாப்பிள்ளையின் தாய் சொன்னதையும், தன் நரையையும் பற்றிச் சொன்னாள். பிரகதாம்பாள் கேட்டுக்கொண்டே இருந்தார். கடைசியில் தண்ணீர் மொண்டு கொடுத்து, "போயிட்டு வாங்க. பாக்குறேன்" என்றார்.

பன்னிரண்டாம் நாள் நீளமான உறை ஒன்று வந்தது. மழை இலாகா கலைக்கப்பட்டுவிட்டதால் 114ஆம் எண் மனு தள்ளுபடி செய்யப்படுகிறது என்று முதல் வரி சொன்னது. 'மனுதாரரின் கையெழுத்தும் பொறுமையும் குறை சொல்ல முடியாதவை. இத்தனை ஆண்டுகள் அவரைக் காத்திருக்க வைத்ததற்கு இந்த அலுவலகம் வருந்துகிறது' என்று அடுத்த வரிகள் சொன்னன. மரியசூசை அதை எத்தனையோ தடவை படித்தார். "ஒனக்குத் தெரியுமா?" என்று கேட்டார். "நாந்தான் போய்க் கேட்டேன்" என்றாள். அன்று முழுக்க அவர் சாப்பிடவில்லை. அவளும் சாப்பிடவில்லை. மறுநாள் காலையில் மோவாயில் இருந்த கீறல் பொருக்குத் தட்டி உதிர்ந்திருந்தது.

நாளுக்கு ஒரு வருஷமாக அவருக்கு வயது வந்தது. மூன்றாம் நாள் கண்ணுக்குக் கீழே கோடு விழுந்தது. ஐந்தாம் நாள் அவர் தகப்பனார் இறந்த வருஷம் வந்தது. 1953இல் வறண்ட கண்ணோடு சவப்பெட்டியைத் தூக்கிப் போனவர், அன்று விடிந்ததிலிருந்து மத்தியானக் கோவில் மணி வரை பாயில் கிடந்து அழுதார். ஜெபமாலையம்மாள் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். பதினோராம் நாள் முதுகு வலித்தது. பதினான்காம் நாள் காதோரம் நரைத்தது. ராக்கன் தினமும் பெட்டியோடு வந்து, "விட்டுப்போன செரையலயெல்லாம் சேத்து எடுத்துக்கிறேன்" என்று குதூகலமாக மழித்துவிட்டுப் போனான். பத்தொன்பதாம் நாள் காலையில் வெளியே வந்து நின்றவருக்கு நாற்பத்து மூன்று வயது. "எப்பிடி இருக்கேன்?" என்று கேட்டார். "எம் புருஷன் மாதிரி இருக்கீங்க" என்றாள்.

சாமியார் பென்சில் எழுத்தை ரப்பரால் அழித்தார். வயதும் கேட்காமல், மனுவும் கேட்காமல் பள்ளிக்கூடத்தில் எழுத்து வேலை கொடுத்தார். மாப்பிள்ளை வீட்டார் திரும்பி வந்து, மரியசூசையின் நரையை வெளிச்சத்தில் பார்த்து, தை மாதத்துக்கு நாள் குறித்தார்கள்.

இதற்கிடையில் ஜெபமாலையம்மாள் ஒரு பை வறுகடலையோடு நன்றி சொல்லப் போனாள். பிரகதாம்பாள் நாலு கடலையை உரித்துத் தின்றுவிட்டு, "நல்லா இருக்குக்கா" என்றதோடு சரி. வாசலில் பியூன் ஆண்டியப்பன்தான் சொன்னார். "இங்க இருந்த அதிகாரி மாசத்துக்கு ஒரே ஒரு சலுகைதாம்மா காது குடுத்துக் கேப்பாரு. இந்த அம்மாவோட ஆத்தா மீமிசலுல கண்ணு தெரியாமத் தனியாக் கெடக்கு. அறந்தாங்கிக்கு மாத்தல் கேட்டு எழுதுன மனு ரெண்டு வருஷமா திருச்சி ஆபீசுல கெடக்கு. அதுக்கு ஒரு வார்த்த சொல்லச் சொல்லிக் கேக்கணும்னு தன் மொறைக்குக் காத்திருந்துச்சு. மொற வந்த அன்னிக்கு ஒங்க காகிதத்த நீட்டிருச்சு. 'வருந்துகிறதுன்னு எந்த உத்தரவுலயும் எழுதுறதில்லையே'ன்னாரு அவரு. 'இவ்வளவு நாளு எந்த மனுவும் காத்துக் கெடந்ததில்லைங்க சார்'ன்னுச்சு. கையெழுத்தப் போட்டுட்டாரு. அடுத்த வாரமே அவருக்கு மாத்தல். புது ஆளு கதவத் தெறக்குறதே இல்ல."

ஜெபமாலையம்மாள் அந்த மாற்றல் மனுவின் எண்ணை ஆண்டியப்பனிடம் இரண்டு தடவை கேட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.

ஐப்பசியிலிருந்து முதல் திங்கட்கிழமைகளில் அவள் திருச்சிக்குப் போய்வரத் தொடங்கினாள். புருஷனின் பழைய நினைவூட்டல் கடிதத்தைப் பார்த்து, பெயரையும் எண்ணையும் மாற்றி, கோணல் எழுத்தில் தானே எழுதிக்கொண்டு போவாள். கோவிலுக்குப் போகிறேன் என்று வீட்டில் சொல்லுவாள். அது பொய்யாகிவிடக் கூடாது என்பதற்காக, விடியுமுன்பே ஆவூர்க் கோவிலில் ஒரு மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டுத்தான் பஸ் ஏறுவாள். "நீங்க அந்த அம்மாவுக்கு என்ன வேணும்?" என்று குமாஸ்தா கேட்டார். "கேக்க வந்தவ" என்றாள். "இப்ப ஒண்ணும் சொல்ல முடியாதும்மா." "ஆமான்னாலும் சொல்லுங்க, இல்லைன்னாலும் சொல்லுங்க. ஒண்ணச் சொல்லுங்க. நான் இங்கிட்டு ஓரமா உக்காந்திருக்கேன்." இரண்டாவது மாதமே அவளுக்குத் தெரிந்துவிட்டது, தனக்கு வயது ஏறவில்லை என்று. காலையில் எழுந்தால் முழங்கால் வலிக்கவில்லை. அதைப் பற்றி யாரிடமும் சொல்லவில்லை. தை மாதம் அமலராணியின் கல்யாணம் நடந்தது. பெண்ணை பஸ் ஏற்றிவிடும்போது மரியசூசை துண்டை வாயில் வைத்துக்கொண்டு அழுதார். தாய்க்காரி கண்ணில் ஒரு சொட்டு வரவில்லை. "கல்லு மனசுக்காரி" என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். அவளும் அழத்தான் பார்த்தாள், வரவில்லை.

எட்டாவது மாதம், 1967 மே, குமாஸ்தா அவளைக் கண்டதும் எழுந்து வந்தார். "ஒங்க தொந்தரவு தாங்காம ஃபைலத் தேடி எடுத்து மேல அனுப்பிட்டேன். அறந்தாங்கிக்கே மாத்தி உத்தரவு ஆயிருச்சு. இன்னிக்குத் தபால்ல போகுது. அந்த அம்மாவுக்கு நீங்க வந்து கேட்டதாச் சொல்லிரவா?"

"வேண்டாங்க" என்றாள் ஜெபமாலையம்மாள். அவருக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு, வராந்தாப் பானையில் ஒரு தம்ளர் தண்ணீர் குடித்து, பஸ் நிலையத்துக்கு நடந்தாள்.

கீரனூர் தாண்டும்போது அந்த எட்டு மாதமும் அவளுக்கு ஒன்றாக வந்தது. முதலில் முழங்கால் வலி வந்தது, கல்யாண வேலைகளின் களைப்பு வந்தது, பிறகு மகளை பஸ் ஏற்றிவிட்ட தை மாதத்துக் காலை வந்தது. முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அவள் அழுது தீர்த்தாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த முன்பின் தெரியாத பெண், மடியில் பையை வைத்துக்கொண்டு, நல்ல தூக்கத்தில் இருந்தாள்.