பதினான்கு நிமிடச் சிந்தனை

"கிறிஸ்து பந்தியிலிருந்து எழுந்தார். மேலாடையைக் கழற்றி வைத்தார். ஒரு துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார். அன்பானவர்களே, எந்த ஊர் ராஜா இடுப்பில் துண்டு கட்டியிருக்கிறான்?"

இந்த இடத்தில் செபமாலை ஒரு மூச்சு நேரம் நிறுத்தினாள். எங்கே நிறுத்த வேண்டும், எங்கே குரலைத் தாழ்த்த வேண்டும் என்பதெல்லாம் ஆறு வருஷத்தில் அவளுக்குப் படிந்துபோயிருந்தது. விடிகாலை ஐந்தரை மணி. ஃபிரிட்ஜின் முனகல் விழக்கூடாதென்று சுவிட்சை அணைத்திருந்தாள். கையில் திறந்த வேதாகமம். செல்போன் பருப்பு டப்பாவின்மேல் சாய்ந்து நின்று, விரல் வைக்காமலே பதிவு செய்துகொண்டிருந்தது. அதற்கு ஒரு பூட்டு உண்டு. மேலே தள்ளிவிட்டால் போதும், அது பாட்டுக்குக் கேட்டுக்கொண்டிருக்கும்.

கொரோனாவில் கோயிலைப் பூட்டியபோது தொடங்கிய பழக்கம் இது. மைசூரில் அவர்களுடைய பங்குக் கோயிலில் பூசையும் பிரசங்கமும் கன்னடத்தில்தான். தமிழுக்கு மாதத்தில் ஒரு ஞாயிறு. மற்ற நாட்களுக்கு செபமாலையின் மூன்று நிமிடக் காலைச் சிந்தனைதான் தமிழ்க் குடும்பங்களுக்குக் கோயில். இருநூறு பேருக்கு மேல் அந்த வாட்ஸ்அப் குழுவில். கொள்ளேகாலில் கேட்கிறார்கள், அவள் பிறந்த ஹனூர்ப் பக்கத்தில் கேட்கிறார்கள், குவைத்தில் நர்ஸாக இருக்கும் ஒருத்தி டியூட்டிக்குப் போகும் பஸ்ஸில் கேட்கிறாள். இது கிறிஸ்து அரசர் வாரம். திங்கட்கிழமை முள்முடியைப் பற்றிப் பேசினாள். செவ்வாயன்று, தசராவில் தங்க அம்பாரியைச் சுமந்து போகும் யானையைச் சொல்லி, கழுதைக்குட்டிமேல் வந்தவரைச் சொன்னாள். அதற்கு மட்டும் எண்பத்து மூன்று கும்பிடு எமோஜி. ஞாயிறு மாலை நற்கருணைப் பவனி முடிந்ததும், பள்ளிக்கூட மைதானத்தில், கன்னடப் பிரசங்கத்துக்குப் பின் தமிழுக்கு ஐந்து நிமிடம் தருவதாக ஃபாதர் சொல்லியிருந்தார். அந்த மேடையில் தமிழே இதுவரை ஒலித்ததில்லை. பேசப்போவது செபமாலை. அந்த ஐந்து நிமிடத்தை இப்போதே மனதுக்குள் பேசிப் பார்க்கத் தொடங்கியிருந்தாள். அறுபத்தொரு வயதில் இப்படி ஒரு ஆசை வரலாமா என்று அவளே தன்னைக் கேட்டுக்கொண்டாள். வந்துவிட்டதே, என்ன செய்ய.

"...சீடர்களின் பாதம் கழுவிய அந்த அரசரின் பாதம் நோக்கி நாமும் குனிவோமாக. ஆமென்."

உள்ளறையிலிருந்து சத்தம் வந்தது. டொக். டொக்.

அது பிலோமினா டீச்சர். செபமாலையின் கணவனுக்கு அக்கா. கல்யாணம் கட்டாமல், தம்பியை வளர்த்து ஆளாக்கி, ரயில்வே பட்டறையில் வேலைக்குச் சேர்த்துவிட்டு, அந்த வீட்டை நாற்பது வருஷம் ஆண்டவள். சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்துகொண்டு மோதிர விரலால் தட்டுவாள். ஒரு தட்டு என்றால் காபி. இரண்டு தட்டு என்றால் தட்டை எடு. ஹனூரிலிருந்து வந்த புது மருமகள் மூன்றே நாளில் அந்தப் பாஷையைக் கற்றுக்கொண்டாள். இப்போது தம்பி இல்லை. டீச்சருக்குப் பக்கவாதம் வந்து வலப்பக்கமும் பேச்சும் போய்விட்டன. இடது கை மட்டும் கட்டில் கம்பியைத் தட்டும். டாக்டர் தினமும் காலையில் காலைக் கழுவித் துடைத்துக் களிம்பு போடச் சொல்லியிருந்தார். சர்க்கரைக் கால்.

செபமாலை ஃபோனை நைட்டி பாக்கெட்டில் போட்டுக்கொண்டு, வெந்நீர்ப் பாத்திரத்தை அடுப்பிலிருந்து வெறுங்கையால் இறக்கினாள். திரும்பி வந்து பால் வைக்கும்போதுதான் ஃபோனைப் பார்த்தாள். அனுப்பவே இல்லையே! அம்பை அழுத்தினாள். போயிற்று. நீளம் எவ்வளவு என்று பார்க்கத் தோன்றவில்லை.

எட்டு மணிக்கு விஜய்குமார் கூப்பிட்டான். பங்குப் பேரவையில் இருப்பவன், குழுவுக்கும் அவன்தான் பொறுப்பு.

"அக்கா, ஆடியோ கேட்டீங்களா?"

"நான் பேசுனதை நானே கேக்கறதாப்பா?"

"பதினாலு நிமிஷம் இருக்குதுக்கா. சிந்தனை மூணு நிமிஷந்தான். மிச்சம்..." அவன் இழுத்தான். "மிச்சம் உங்க வீடு."

செபமாலைக்கு அதைக் கேட்கவே வேண்டியதில்லை. என்ன பேசினோம் என்று வரிவரியாக வந்து நின்றது.

'தட்டாத. வந்துட்டேனல்ல. முப்பத்து நாலு வருசமாத் தட்டுன கை, இன்னும் ஓயல. காலை நீட்டு. நீட்டுங்கறேன். மகாராணிக்குப் பன்னீர்ல கழுவோணுமோ? உன்ற தம்பி போனதோட நானும் போயிருந்தா யாரு வந்து உன் காலைப் புடிப்பா? தட்டு, நல்லாத் தட்டு. அரண்மனை இல்லே இது.'

முப்பத்து நாலு வருஷத்தில் ஒருநாள்கூட அவளை 'நீ' என்று சொன்னதில்லை. 'நங்கையா' என்பாள், கணவனின் அக்காவை ஊரில் அப்படித்தான் மரியாதையாகக் கூப்பிடுவது. வாய் ஓய்ந்த பிறகுதான் 'நீ' வந்தது. அதுவும் கதவைச் சாத்திக்கொண்டு. இப்போது குவைத் வரைக்கும் போய்விட்டது.

"அழிச்சர்றேன்பா. இப்பவே அழிச்சர்றேன். ஃபாதர்கிட்ட நீயே சொல்லிரு, ஞாயித்துக்கிழமை வேற யாராச்சும்..."

"ஐயோ, அக்கா! நீங்க குரூப்பைப் பாருங்க மொதல்ல."

பார்த்தாள். கூடத்தில் உட்கார்ந்து, காது மந்தம் என்பதால் சத்தத்தை முழுக்க வைத்து, வந்திருந்த குரல் பதில்களை ஒவ்வொன்றாகத் தொட்டாள்.

"செபமாலக்கா, அழுதுட்டேன்க்கா. இத்தனையும் சுமந்துக்கிட்டா எங்களுக்குத் தினமும் பேசறீங்க?"

"இதுதாங்க உண்மையான பாதம் கழுவுறது. கோயில்ல பெரிய வியாழனுக்குக் கழுவுறது வெறும் நாடகம்."

"அந்த டீச்சரம்மாவை எனக்குத் தெரியும்க்கா. என்னா அதிகாரம்! கன்யாஸ்திரீயே பயப்படுவாங்க. கடவுள் உக்கார வெச்சுட்டாரு பாத்தீங்களா? நல்லா வேணும்."

நூற்றுப் பன்னிரண்டு கும்பிடு. ஃபாதரே ஒரு வரி எழுதியிருந்தார், இது பெரிய சாட்சியம், ஞாயிறு இதையே மக்களுக்குச் சொல்லுங்கள் என்று. செபமாலைக்கு உடம்பு லேசாயிற்று. வெட்கப்படத் தயாராக இருந்தவளுக்கு மாலை விழுந்தால் எப்படி இருக்கும்? 'நல்லா வேணும்' என்ற குரலை, ஏன் என்று தெரியாமல், இரண்டாம் முறையும் தொட்டாள்.

அப்போதுதான் உள்ளறைக் கதவு திறந்திருப்பதைப் பார்த்தாள்.

பிலோமினா டீச்சர் மேலே மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள். இடது கை போர்வைக்குள் போயிருந்தது.

அன்று மத்தியானம் தட்டும் சத்தம் வரவில்லை. சாயங்காலம் காபிக்கும் வரவில்லை. துணி நனைந்தும் வரவில்லை. செபமாலையாகப் போய்ப் பார்த்தபோது நனைந்து வெகுநேரம் ஆகியிருந்தது. "தட்டியிருக்கலாமுங்களே நங்கையா" என்றாள். ஓயாத சத்தம் ஓய்ந்துவிட்டால் வீடு நிம்மதியாக இருக்க வேண்டுமல்லவா? இருக்கவில்லை. ரசத்தைத் தாளிக்கையில் காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள். குளிக்கையில் குழாயை நிறுத்தி நிறுத்திக் கேட்டாள். வியாழனன்று சிந்தனையை எப்படியோ பேசி அனுப்பினாள். வெள்ளியன்று நான்கு தடவை தொடங்கி, நான்கு தடவையும் 'அன்பானவர்களே' என்ற சொல்லிலேயே அழித்தாள். அன்று யாருக்கும் சிந்தனை இல்லை. மேடையில் பேசுவதற்கென்று தாள் மட்டும் எழுதினாள். நன்றாக வந்திருந்தது. அதுவே அவளுக்குப் பயமாக இருந்தது.

சனிக்கிழமை காலை தேவம்மா கூப்பிட்டாள். தனியார் ஆஸ்பத்திரி ஒன்றில் ஆயா. வீட்டில் கன்னடம், கோயிலில் தமிழ், இரண்டையும் கலந்து ஒரு பேச்சு.

"அக்கா, ஒந்து விஷயம். தப்பா நினைச்சுக்க பேடா, நினைச்சுக்காதீங்க."

"சொல்லும்மா. நீயும் அழுதியா?"

"இல்லக்கா, அழல்லாம் இல்ல. நான் நைட் ஷிஃப்ட் முடிஞ்சு வர்றப்ப கேட்டேன். மூணு தடவ கேட்டேன். அந்தம்மா சும்மா தட்டல அக்கா. நீங்க தண்ணி ஊத்தற சத்தம் வருது, தட்டறாங்க. ஊத்தற சத்தம் நிக்குது, தட்டறது நிக்குது. மறுபடி ஊத்தறீங்க, மறுபடி தட்டறாங்க. அத்தனை தடவையும் அப்படித்தான்."

"அவிய எப்பவும் தட்டுவாங்க, தேவம்மா. பழக்கம்."

"இருக்கும்க்கா. ஆனா தண்ணிச் சூட்ட எதுல பாக்கறீங்க நீங்க?"

"கையிலதான்."

"கை வேஸ்ட்டுக்கா! அடுப்புல வெந்த கைக்கு என்னா தெரியும்? எங்க வார்டுல முழங்கைய உள்ள வெச்சுப் பாத்துட்டுத்தான் ஊத்துவோம். கொழந்தைக்குப் பாக்கற மாதிரி. ஆய்த்தாக்கா, சரியா? பாத்துட்டு சொல்லுங்க. நான் குரூப்புல போடல. உங்ககிட்ட மட்டும்தான் சொல்றேன்."

செபமாலை கழிவறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டு, பதினான்கு நிமிடத்தையும் முதன்முறையாகக் கேட்டாள். தன் குரலுக்குக் கீழே வேறொன்று ஓடிக்கொண்டிருந்தது. தண்ணீர். டொக். தண்ணீர். டொக் டொக் டொக். தன் குரல் 'தட்டு, நல்லாத் தட்டு' என்றது. தண்ணீர்.

அடுப்பிலிருந்த பாத்திரத்தைப் பக்கெட்டில் கவிழ்த்து, தினமும் கலக்கும் அளவுக்கே பச்சைத்தண்ணீர் கலந்தாள். கையை விட்டாள். இதமாகத்தான் இருந்தது. குக்கரைத் துணியில்லாமல் இறக்குகிறாள் என்று மாமியார் வீட்டில் அந்தக் காலத்தில் மெச்சிய கை. பிறகு நைட்டிக் கையைச் சுருட்டிக்கொண்டு முழங்கையை விட்டாள்.

வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள்.

எத்தனை நாள்? பக்கவாதம் வந்து ஒரு வருஷமும் எட்டு மாதமும். உணர்ச்சி செத்த வலது கால் ஒன்றும் சொல்லியிருக்காது. இடது கால் சொல்லியிருக்கிறது. தினமும். செபமாலைதான், டீச்சர் காபி கேட்கிறாள் என்று நினைத்துக்கொண்டிருந்தாள். காபி கேட்கிறாள், அதிகாரம் செய்கிறாள், இன்னும் அடங்கவில்லை. உள்ளறைக்குப் போய்ப் போர்வையை விலக்கிப் பார்த்தாள். கணுக்காலைச் சுற்றித் தோல் ஒரு மாதிரி சிவந்து, பழகிப்போயிருந்தது. சர்க்கரை என்று நினைத்திருந்தாள்.

"சுட்டுச்சுங்களா நங்கையா? இத்தனை நாளா?"

டீச்சர் சன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். செபமாலை தண்ணீரை ஆற்றிக்கொண்டு வந்தபோது, காலை மடக்கி உள்ளே இழுத்துக்கொண்டாள். கெஞ்சினாள், கொடுக்கவில்லை. சாயங்காலம் கேட்டாள், கொடுக்கவில்லை. ஞாயிறு காலை பூசைக்குப் போகாமல் உட்கார்ந்து பார்த்தாள், கொடுக்கவில்லை.

ஞாயிறு மூன்றரை மணிக்கு செபமாலை அரக்குப் பட்டுப்புடவை கட்டியிருந்தாள். தாள் கைப்பையில் இருந்தது. அதில் முதல் வரி, 'என் வீட்டில் ஒரு பாதம் இருக்கிறது' என்பது. சனிக்கிழமைக்கு முன் எழுதிய வரி. வேறு வரி எழுதப் பார்த்தாள். 'நான் சுடுதண்ணி ஊத்தினேன்' என்று எழுதினால் என்ன ஆகும்? அதற்கும் அழுவார்கள். அதற்கும் நூறு கும்பிடு வரும். எவ்வளவு தாழ்மை என்பார்கள். எதைச் சொன்னாலும் மாலையாகவே திரும்பி வருகிற ஒரு மைக்கின் முன்னால் போய் நின்று என்ன செய்வது? போகாமலிருந்தால், தமிழுக்குக் கிடைத்த ஐந்து நிமிடம் போச்சு. அடுத்த வருஷம் யார் தருவார்கள்? யோசித்து யோசித்துக் கூடத்துக்கும் சமையலறைக்குமாக நடந்தாள். பட்டு சரசரத்துக்கொண்டே கூட வந்தது.

ஃபோன் அடித்தது. விஜய்குமார்.

"அக்கா, ஆட்டோ அனுப்பிட்டேன். பேண்டு செட்டு வந்தாச்சு. ஃபாதர் ரெண்டு தடவ கேட்டுட்டார்."

"வர்றேன்பா. இல்ல... நீ சித்த இரு."

"இருன்னா? வர்றீங்கதானேக்கா?"

வைத்துவிட்டாள். சமையலறைக்குப் போய்ப் பெரிய பேசினில் தண்ணீர் பிடித்தாள். ஒரு பக்கம் சுடுதண்ணீர் வாளியும் குவளையும், இன்னொரு பக்கம் பச்சைத்தண்ணீர் வாளியும் குவளையும். கட்டிலுக்குக் கீழே வைத்துவிட்டு, அக்குளைத் தாங்கி டீச்சரை எழுப்பி ஓரமாக உட்காரவைத்தாள். எதிர்ப்பு இல்லை, உதவியும் இல்லை. தரையில் உட்கார்ந்தாள். ரவிக்கையின் நீளக்கை இறுக்கம், முழங்கை வெளியே வரவில்லை. கையைச் சேர்த்துக் குத்தியிருந்த ஊசியைப் பல்லால் கடித்து எடுத்து மேலே சுருட்டினாள். முழங்கையை நனைத்துப் பார்த்தாள்.

"இப்ப எப்படி இருக்குதுன்னு எனக்குத் தெரியாதுங்க நங்கையா. நீங்கதான் சொல்லோணும். சூடுன்னா காலை எடுத்துருங்க. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

பிறகு போர்வை அசைந்தது. இடது கால் மெல்ல வந்தது. பெருவிரல் தண்ணீரைத் தொட்டது. எடுத்துக்கொண்டது.

செபமாலை பச்சைத்தண்ணீர் ஒரு குவளை ஊற்றினாள். கால் வந்தது, தொட்டது, எடுத்துக்கொண்டது. இன்னொரு குவளை. மறுபடியும் எடுத்துக்கொண்டது. முழங்கையை விட்டுப் பார்த்தாள். சில்லென்றிருந்தது. சுடுதண்ணீர் கொஞ்சம் சேர்த்தாள். கால் வந்தது. எடுத்துக்கொண்டது. நிஜமாகவே பதமில்லையா, அல்லது வேண்டுமென்றே செய்கிறாளா? அண்ணாந்து முகத்தைப் பார்த்தாள். கோணிய வாயில் எதைப் படிப்பது? கண் மட்டும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தது, வகுப்பில் ஒரு கணக்கைக் கொடுத்துவிட்டுக் காத்திருக்கும் கண்.

பேசின் நிறைந்து வழிந்தது. தண்ணீர் பட்டுப்புடவையின் கீழே புகுந்து சரிகையை நனைத்துக்கொண்டு போனது. வாசலில் ஆட்டோ வந்து நின்று ஹாரன் அடித்தது. ஒரு முறை, பிறகு நீளமாக. செபமாலை இரண்டு கையிலும் இரண்டு குவளையோடு, எதை ஊற்றுவதென்று தெரியாமல், ஊற்றாமல் உட்கார்ந்திருந்தாள். நிறைந்த தண்ணீருக்கு ஒரு விரற்கடை மேலே அந்தப் பாதம் நின்றது, வெளுத்து, நரம்போடி, லேசாக நடுங்கிக்கொண்டு.