எட்டு முழக் கயிறு

தென்காசியில் ஜாஹிரா பீவி தன் வீட்டு வாசலைத் தாண்டிக் கால் வைத்தால், அந்தக் கால் அவளுடைய அடுப்படியில்தான் வந்து ஊன்றும். ஆறு வருடமாக இப்படித்தான் இருந்தது. கையை வெளியே நீட்டலாம், தலையை நீட்டித் தெருவைப் பார்க்கலாம், வாசலில் இறக்கிய கேஸ் சிலிண்டரை உள்ளே உருட்டலாம். பாதம் படியைத் தொட்டதும் ஆள் அடுப்புக்கு முன்னால் நிற்பாள். மற்றவர்கள் தாராளமாக வந்து போனார்கள். தெருவும் பழகிக்கொண்டது. ரேஷன் கடை ஆறுமுகநயினார் மாதம் ஒருமுறை கைரேகை மிஷினைப் பையில் போட்டுக் கொண்டுவந்து, வாசலில் நின்றே அவள் விரலை ஒற்றிவிட்டுப் போவார்.

இது தொடங்கியது இத்தாவில். கணவர் சேக் மைதீன் இருபத்திரண்டு வருடம் அபுதாபியில் வேலை பார்த்து, அங்கேயே மௌத்தாகி, அங்கேயே அடங்கினார். கணவனை இழந்தவள் நான்கு மாதம் பத்து நாள் வீட்டோடு இருக்க வேண்டிய இத்தாவை ஜாஹிரா பீவி ஒரு நாள் பிசகாமல் இருந்தாள். அது முடிகிற அன்று சொந்தக்காரப் பெண்கள் வந்து, புதுச்சேலை உடுத்திவிட்டு, கையைப் பிடித்து வெளியே கூட்டிப் போவது அந்தத் தெருவின் வழக்கம். சார்ஜாவில் இருந்த மகன் ஹம்தான், தங்கச்சி போயிருப்பாள் என்று நினைத்தான். வீரகேரளம்புதூரில் வாழ்க்கைப்பட்ட மகள் முஹ்ஸினா, பெரியம்மா வீட்டில் பார்த்துக்கொள்வார்கள் என்று நினைத்தாள். பெரியம்மா வீட்டிலோ, பெற்ற மகள் இருக்கும்போது நாம் முந்தக் கூடாது என்று இருந்துவிட்டார்கள். யாரிடமும் கெட்ட எண்ணம் இல்லை. ஜாஹிரா பீவி முகம் கழுவி, தலை வாரி, சாயங்காலம் மஃரிப் பாங்கு வரைக்கும் காத்திருந்தாள். மறுநாள் காலை பால் வாங்கத் தானே வெளியே இறங்கினாள். காலிச் சொம்போடு அடுப்படியில் நின்றாள்.

முஹ்ஸினாவின் முதல் பிரசவம் தென்காசியிலேயே, பத்துத் தெரு தள்ளியிருந்த ஆஸ்பத்திரியில் நடந்தது. ஜாஹிரா பீவி அன்று முப்பது தடவை படியில் கால் வைத்தாள். கடைசியில் பூண்டுக் கஞ்சி காய்ச்சி, பிளாஸ்க்கில் ஊற்றி, கீரைக்கார முப்பிடாதியம்மாளிடம் கொடுத்தனுப்பினாள். பிளாஸ்க் மூடி திறக்காமல் திரும்பி வந்தது. “மனசிருந்தா வந்திருப்பாவன்னு சொல்லுதா பீவியக்கா. நான் என்னத்தச் சொல்ல?” என்றாள் முப்பிடாதியம்மாள். குழந்தை தங்கவில்லை. அதற்குப் பிறகு மகள் போன் பண்ணுவதும் குறைந்தது.

நாய் வந்தது ஒரு ஆனி மாதச் சாரலில். ஜாஹிரா பீவி தினமும் விடியற்காலை சுபுஹு தொழுதுவிட்டு ஒரே ஒரு தடவை வெளியே கால் வைத்துப் பார்ப்பாள். நம்பிக்கையால் அல்ல, பழக்கத்தால். அன்று பாதம் மெத்தென்று எதையோ மிதித்தது. கீழே ‘வீல்’ என்று ஒரு சத்தம். அடுப்படியில் நின்று பார்த்தால் உள்ளங்காலில் சிவப்பாக நாலைந்து முடி ஒட்டியிருந்தது. ஓடி வந்து எட்டிப் பார்த்தாள். விலா எலும்பு தெரிய ஒரு செவலை நாய் படியில் சுருண்டு நடுங்கிக்கொண்டிருந்தது. மிதித்த பாவத்துக்கு ஒரு அலுமினியத் தட்டில் தண்ணீரும் பழைய சோறும் வைத்தாள். அது சோற்றை விட்டுவிட்டு அவள் கையை நக்கியது.

பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் ஆள் விட்டுக் கேட்டாள். அவரே வந்தார். “நக்கின எடத்த ஏழு தடவ கழுவணும், அதுல ஒரு தடவ மண்ணப் போட்டு. அது வெளிய இருக்கட்டும், நீங்க உள்ள இருங்க. அதுக்காவ அத வெரட்டிராதீங்க. தாகம் எல்லாத்துக்கும் ஒண்ணுதான்” என்றார். ஏழு தடவை கழுவத் தண்ணீர் இருந்தது. மண்தான் இல்லை, வீடு முழுக்க டைல்ஸ், முற்றம் சிமென்ட். முப்பிடாதியம்மாள் கீரைக் கூடையில் ஒரு தேங்காய்ச் சிரட்டை நிறைய மண் கொண்டுவந்து கொடுத்தாள். வெளியிலிருக்கும் மண்ணை ஜாஹிரா பீவி அத்தனை வருடத்துக்குப் பிறகு தொட்டது அப்போதுதான். கழுவி முடித்தும் மீதி மண்ணைக் கொட்ட மனம் வராமல் சிரட்டையை ஜன்னலில் வைத்துக்கொண்டாள்.

வெளியே வர முடியாத ஒருத்தியும் உள்ளே வரக் கூடாத ஒன்றும் அந்தப் படிக்கு இருபுறமும் இப்படிக் குடித்தனம் நடத்தின. நாய் பிடிக்கும் வண்டி வருகிறது, கழுத்தில் கயிறு இருந்தால் விட்டுவிடுவார்கள் என்று யாரோ சொல்ல, கணவர் இடுப்பில் கட்டிய பழைய சாரம் ஒன்றைக் கிழித்து முறுக்கி, எட்டு முழத்தில் கயிறாக்கிக் கட்டினாள். மறுமுனை அவள் கையில். செவலை அன்று சந்தைவரை போனது. கயிறு போதுமானதாக இருந்தது. மறுநாள் ஐந்தருவிக்குப் போனது. அப்போதும் போதுமானதாக இருந்தது. சந்தேகப்பட்டு அளந்தவர்கள், எப்போது அளந்தாலும் எட்டு முழம்தான் என்றார்கள். பஸ் டிரைவர்கள் முதலில் ஹாரன் அடித்துப் பார்த்தார்கள். பிறகு கண்டக்டர் இறங்கிக் கயிற்றைக் குடை நுனியால் தூக்கிவிட, வண்டி அடியில் நுழைந்து போனது. சீசனுக்கு வந்தவர்கள் அதில் துண்டு காயப் போட்டார்கள்.

செவலை சுற்றியதெல்லாம் கயிறு வழியாக அவளுக்கு வந்து சேர்ந்தது. பெரிய கோவில் கோபுர வாசலில் அது நின்றால், அங்கே அடிக்கிற காற்றில் கயிறு விம்மும். குற்றாலத்தில் குரங்கு துரத்தினால் கயிறு படபடக்கும், இவள் இங்கே தட்டைத் தட்டி “ஓடி வால” என்பாள். கேரள எல்லையில் புளியறைக்குப் போன நாட்களில் லாரிகளின் அதிர்வு முழங்கை வரை ஏறும். ஒரு நாள் அங்கே ஏதோ ஒரு கடை வாசலில் அது சால்னாவை நக்க, ருசி இவள் நாக்கில் தெரிந்தது. என்ன கறியோ என்று பதறி மறுபடி ஹஜ்ரத்துக்கு ஆள் விட்டாள். “திங்கது நாய். கணக்கு ஒங்க மேல எழுத மாட்டாங்க, பயப்படாதீங்க” என்று பதில் வந்தது. காலையில் கயிறு ஜில்லென்று சொட்டச் சொட்ட இருந்தால் அருவியில் தண்ணீர் விழுகிறதென்று அர்த்தம். குற்றாலத்து லாட்ஜ்காரர்கள் ஏழு மணிக்கு அவளுக்குப் போன் போட்டுக் கேட்டுக்கொண்டார்கள். ஊர் நிலவரம் அத்தனையும் அவளிடம் இருந்தது. ஆனால் அந்தக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு கால் வைத்தாலும் அடுப்படிதான்.

அடுத்த வருடம் ஐப்பசியில் முஹ்ஸினா மறுபடி அதே ஆஸ்பத்திரியில் சேர்ந்தாள். முதல் நாள் சாயங்காலம் அவளே போன் செய்தாள். “இந்தத் தடவையாவது வருவியளா உம்மா?” என்றாள். ஜாஹிரா பீவி போனோடு வாசலுக்குப் போய்ப் படியில் கால் வைத்துப் பார்த்தாள், அடுப்படிதான். “சரி, விடுங்க” என்று மகள் போனை வைத்துவிட்டாள்.

விடிந்ததிலிருந்து நல்ல மழை. வலி எடுத்துவிட்டதாக மருமகன் சொன்ன பிறகு ஜாஹிரா பீவி நாற்பத்தோரு தடவை படியில் கால் வைத்திருந்தாள். மலையில் பெய்த மழைக்கு அருவியில் வெள்ளம், யாரையும் குளிக்க விடவில்லை என்று ரேடியோ சொன்னது. செவலை காலையிலேயே அந்தப் பக்கம் போயிருந்தது. ஒன்பது மணிக்கு, கையில் கரண்டியோடு அவள் அடுப்படியில் நின்றபோது கயிறு விறைத்தது. பிறகு இழுத்தது. ஒரு தடவை, இரண்டு தடவை, மூன்று தடவை. அத்தனை நாளில் அது ஒருநாளும் இழுத்ததில்லை. போகும், வரும், கயிறு தளர்ந்தே கிடக்கும். ஆறு வருடத்தில் வெளியிலிருந்து யாரும் அவளை வா என்று இழுத்ததில்லை. கயிற்றில் ஒரு சின்ன இதயம் துடிப்பது தெரிந்தது. துடிப்பு குறைந்துகொண்டே வந்தது. “இந்தா வந்துட்டேன்” என்று கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டே நடந்தாள்.

தலையில் மழை விழுந்த பிறகுதான் தெருவில் நிற்பது தெரிந்தது. நின்றால் திரும்ப அடுப்படிக்குப் போய்விடுவோம் என்ற பயத்தில் நிற்கவில்லை. தெரு முனையில் வழி இரண்டாகப் பிரிந்தது. இடதுபக்கம் ஆஸ்பத்திரி, மகள். கயிறு வலதுபக்கம் போனது. ஜாஹிரா பீவி அங்கே நின்ற இடத்திலேயே காலை மாற்றி மாற்றி வைத்து அழுதாள். எதிரே சாக்கைத் தலையில் போர்த்திக்கொண்டு முப்பிடாதியம்மாள் வந்தாள். கூடை கீழே விழுந்தது.

“ஏட்டி முப்பிடாதி, ஆஸ்பத்திரிக்கு ஓடு. உம்மா வெளிய வந்துட்டா, வழியில ஒரு வேல கெடக்கு, முடிச்சுட்டு வந்துருவான்னு அவட்டச் சொல்லு.”

“பெத்த புள்ளையவிட நாயா பெருசு?”

“கூப்ட்டது அதுதான்லா.”

குற்றாலம்வரை ஐந்து கிலோமீட்டரும் செருப்பில்லாமல் நடந்தாள். கயிறு கையில் சுருளச் சுருள எட்டு முழத்துக்கு மேல் கனக்கவில்லை. குளிக்கிற இடத்து இரும்புக் கம்பிகளில் கயிறு சுற்றிக்கொண்டு, கழுத்துவரை வெள்ளத்தில் செவலை நின்றது. போலீஸ்காரர் ஒருவர் அவளுடைய முந்தானையைப் பின்னாலிருந்து பிடித்துக்கொள்ள, அவள் குனிந்து சிக்கலை எடுத்தாள். வெளியே வந்ததும் அது உடம்பை உதறிவிட்டு அவளுடைய இரண்டு கைகளையும் நக்கியது. கீழே சிற்றாறு செந்நிறமாக ஓடிக்கொண்டிருந்தது. அவள் கரையில் உட்கார்ந்து, கரண்டியால் மண்ணைத் தோண்டி, தன் கையாலேயே அள்ளித் தேய்த்து ஏழு தடவை கழுவினாள். யாரும் சிரட்டையில் கொண்டுவந்து தர வேண்டியிருக்கவில்லை.

ஷேர் ஆட்டோ வல்லிநாயகம், “நாய்க்குச் சீட்டு கெடையாது, காலடியில வச்சுக்கிடுங்க” என்று ஏற்றிக்கொண்டார். ஆஸ்பத்திரி வாசலில் செவலை உட்கார்ந்தது. கயிறு மாடிப்படி ஏறியது. வார்டு வாசலில் நர்ஸ் ஜெயசித்ரா மறித்தாள். “எம்மா, இது என்ன கயிறு?”

“கீழ நாய் இருக்கு. கயித்த விட்டா நான் வீட்டுக்குப் போயிருவேன்.”

ஜெயசித்ரா மாடிப்படியை எட்டிப் பார்த்தாள். பிறகு கயிற்று முனையை வாங்கி, நல்ல பஞ்சால் துடைத்து, கட்டில் காலில் இரண்டு முடிச்சுப் போட்டாள்.

முஹ்ஸினா வியர்த்துக் கிடந்தாள். “கீரைக்காரி சொன்னா. நான் நம்பல” என்றாள். பிறகு, “கஞ்சி கொண்டாந்தியளா?” என்றாள்.

“அவசரத்துல வந்துட்டேன்ளா. கரண்டிதான் இருக்கு.”

முஹ்ஸினாவுக்குச் சிரிப்பும் வலியும் ஒன்றாக வந்தன. பதினொன்றே முக்காலுக்குப் பெண் குழந்தை பிறந்தது. சனோபர் என்று பெயர் வைத்தார்கள்.

இப்போதும் ஜாஹிரா பீவி தானாக இறங்கினால் அடுப்படிக்குத்தான் போவாள். வெளியிலிருந்து யாராவது கூப்பிட வேண்டும். அதனால் தெருவில் சந்தைக்குப் போகிறவர்களும் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளும் அந்த வாசலில் ஒரு நிமிடம் நின்று, “வாங்க” என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். யாரும் வராத நாளில் செவலை ஆறரை மணிக்குக் கயிற்றை இழுக்கும். போன பெருநாளுக்கு விடுமுறையில் வந்த ஹம்தான், தங்கச்சி வீட்டுக்குக் கிளம்பும் அவசரத்தில் உம்மாவைக் கூப்பிட மறந்து பைக்கை ஸ்டார்ட் செய்தான். பின்னால் ஏற வந்தவள் அடுப்படியில் நின்றாள். செவலை ஹம்தானை ஒரு பார்வை பார்த்துவிட்டு, கயிற்றை ஒரு தடவை இழுத்தது. அவள் அடுப்பு அணைந்திருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு வெளியே வந்தாள்.