கடைசி வரிசைக்குப் போகும் சத்தம்

"இரண்டாம் குழல், இன்னிக்கு வந்திருக்கீங்களா?" என்று ஒத்திகையின் நடுவே கேட்டார், டோக்கியோவிலிருந்து வந்திருந்த இசை நடத்துநர். எல்லோரும் சிரித்தார்கள். சுமியேயும் சேர்ந்து சிரித்தாள். வீடு திரும்பும் டிராமில்தான் அவளுக்கு முகம் சுட்டது.

தகஓகா நகர இசைக்குழுவில் அவள் புல்லாங்குழல் வாசிக்கச் சேர்ந்தபோது தலையில் ஒரு நரை கிடையாது. இரண்டாம் குழலை யாரும் தனியாகக் கேட்பதில்லை. முதல் குழலுக்கு அடியில் இருந்து தாங்க வேண்டும், அவ்வளவுதான். தனியாகக் கேட்டவர் ஒருவர் உண்டு. அவள் கணவர் தகெனோரி. கச்சேரி தவறாமல் கடைசி வரிசையில், கதவோரமாக உட்கார்ந்திருப்பார். முடிந்து வெளியே வந்ததும், "வந்துச்சு, நல்லா வந்துச்சு" என்பார். அதற்கு மேல் பேச்சு வராது. வெண்கல வார்ப்பு ஆலையில் காலம் முழுக்க உழைத்த மனிதர், பொதுவாகவே வாய் திறப்பது அபூர்வம். போன வருஷம் மூளையில் ரத்தக்குழாய் வெடித்துப் போய்ச் சேர்ந்தார். அதிலிருந்து கச்சேரி முடிந்தால் சுமியே குடையை விரித்துக்கொண்டு நேரே டிராமுக்கு நடந்துவிடுவாள்.

நடத்துநரின் கேலிக்குப் பிறகு அவள் கடைகளில் தேட ஆரம்பித்தாள். குழலின் தலைப்பக்கத்தை அடைக்கிற சின்ன மூடி இருக்கிறதே, அதை மாற்றினாலே சத்தம் தூரம் போகும் என்றார்கள். டைட்டானியத்தில் ஒன்று வாங்கினாள். பிறகு கருங்காலியில் ஒன்று. பிறகு குழலின் துண்டுகள் சேரும் இடத்தில் ரப்பர் வளையம் போட்டு இறுக்குகிற வெள்ளித் தகடு. அக்கம்பக்கத்துக்குத் தொந்தரவு இல்லாமல் வாசிக்க வீட்டில் அலமாரி போல ஓர் ஒலிபுகா அறை வைத்திருந்தாள். அதற்குள் நின்று ஒவ்வொன்றையும் மாட்டி ஊதியபோது சத்தம் பெரிதானது போலத்தான் இருந்தது. ஆனால் அந்தப் பெட்டிக்குள் தும்மினாலும் பெரிதாகத்தான் கேட்கும். யாராவது தள்ளி உட்கார்ந்து கேட்டுச் சொல்ல வேண்டும். போனில் இருந்த பெயர்களை மேலும் கீழும் தள்ளிப் பார்த்தாள். பல் டாக்டர், கேஸ்காரர், இறுதிச் சடங்கு நடத்திக்கொடுத்தவர்.

கடைசியில், குழுவில் பசூன் என்ற நீண்ட மரக்குழல் வாசிக்கும் குசேயிடமே கேட்டாள்.

"மூடியை மாத்தினா சத்தம் கூடுமா? அப்ப தொப்பியை மாத்தினா நான் வளர்ந்துடுவேனா?" என்றார் அவர்.

"கிண்டலை அப்புறம் வச்சுக்கோங்க, குசே-சான். முதல்ல வந்து கேளுங்க."

"வர்றேன். ஆனா என் காதை நம்பாதீங்க. உங்களுக்குப் பின்னாடியே உக்காந்து பழகிப்போச்சு. வெளியாள் ஒருத்தரையும் கூப்பிடுங்க."

சுமியேவுக்கு நினைவில் வந்தவள் ஹமத்தானி. சலவைக்கடைக்காரி. வருஷச் சீட்டு வாங்கித் தகெனோரியின் பக்கத்து நாற்காலியில் உட்காருபவள். துக்கத்துக்கு வந்து ஊதுபத்தி ஏற்றிவிட்டுப் போயிருந்தாள். கூப்பிட்டதும், "எனக்கு என்னங்க தெரியும் இதுல?" என்றுகொண்டே ஒத்துக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை ஒத்திகை முடிந்து எல்லோரும் போன பிறகு மேடையில் ஒரு தட்டியை நிறுத்தி அதன் பின்னால் நின்றாள் சுமியே. அவர்கள் இருவரும் கடைசி வரிசையில். கீழ் ஸ்தாயியில் ஒரே மெட்டு, ஒவ்வொரு தடவையும் மூடியையோ தகட்டையோ மாற்றி வாசித்தாள்.

"இது கணீர்னு இருக்கு!" என்று கத்தினாள் ஹமத்தானி.

"எனக்கென்னவோ முதல்ல வாசிச்சதுதான்" என்றார் குசே.

அடுத்த சுற்றில் இருவரும் மாற்றிச் சொன்னார்கள். பிறகு சுமியே எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, குழலோடு வந்த பழைய மூடியைப் போட்டு ஒன்றுபோல இரண்டு தரம் வாசித்தாள்.

"முதல்ல அமுங்கிப்போச்சு. இப்ப ஜோரா இருக்கு. இதையே வச்சுக்கோங்க!" என்றாள் ஹமத்தானி.

சுமியே தட்டியைத் தள்ளிவிட்டு வெளியே வந்தாள். "ரெண்டும் ஒண்ணுதான், ஹமத்தானி-சான். எதையுமே மாத்தலை."

குசே தொடையைத் தட்டிக்கொண்டு சிரித்தார். ஹமத்தானி வாயைப் பொத்திக்கொண்டாள். "அய்யய்யோ, மானம் போச்சு! இந்தக் காதை வச்சுக்கிட்டா உங்க வீட்டுக்காரருக்கு அத்தனை வருஷம் சொல்லிட்டிருந்தேன்?"

"என்ன சொன்னீங்க?"

"குழல் சத்தம் வருதான்னுதான். ஒவ்வொரு கச்சேரியிலயும் கேப்பாரே. ஆலை இரைச்சல்ல அவருக்குக் காது அடைச்சு, மெல்லிசான சத்தமெல்லாம் கேக்காமப் போச்சில்ல? முழங்கையால இடிப்பார். வருதுன்னா நான் தலையாட்டுவேன்." சுமியேயின் முகத்தைப் பார்த்ததும் அவள் குரல் இறங்கியது. "உங்களுக்குத் தெரியும்னு நினைச்சேன்."

"தெரியும், தெரியும்" என்றாள் சுமியே.

காரில் கொண்டுவிடுகிறேன் என்று குசே சொன்னதை வேண்டாமென்று மறுத்துவிட்டாள். ஈரப்பனி கொட்டிக்கொண்டிருந்தது. டிராமில் ஏறியவள் கண்ணாடியோரம் உட்கார்ந்துகொண்டாள். டிவியை ஏன் இப்படி அலறவிடுறீங்க என்று எத்தனை தடவை சண்டை போட்டிருக்கிறாள்! சமையலறையிலிருந்து ஏதாவது சொல்லுவாள், பதில் வராது. அழுத்தக்காரர், சுபாவம் அப்படி என்று விட்டுவிட்டாள். நாளாக நாளாக அவளும் பேச்சைக் குறைத்துக்கொண்டாள். ஒரே வீட்டில் இருவரும் அப்படியே இருந்துவிட்டார்கள்.

பின்வந்த நாட்களில் மரமூடியையும் தகட்டையும் குசேயின் தங்கை மகளுக்குக் கொடுத்துவிட்டாள். அவளும் பள்ளிக் குழுவில் குழல் வாசிக்கிறவள்தான். டைட்டானிய மூடியை மட்டும் திரும்பவும் மாட்டிக்கொண்டாள். அது இருந்தால் தாடையில் ஓர் அதிர்வு தட்டுகிறது. மேடையைத் தாண்டி அது யாருக்கும் கேட்கப்போவதில்லை. இருந்துவிட்டுப் போகட்டும் என்று இருந்தது அவளுக்கு.

அந்த ஞாயிறு மாலை வீட்டுக்கு வந்தவள் ஒலிபுகா அறையின் பக்கமே போகவில்லை. ஈரக் கோட்டைக்கூடக் கழற்றாமல், அவர் படம் வைத்திருந்த பீடத்தின் முன்னால் போய் நின்றாள்.

"ஏங்க எங்கிட்ட சொல்லல?" என்று கேட்டாள்.

வழக்கமான தன் குரலில்தான் கேட்டாள். பிறகு ஒரு மூச்சு இழுத்து, பக்கத்து வீட்டுக்குக் கேட்டாலும் கேட்கட்டும் என்று, அதையே உரக்கக் கேட்டாள். பக்கத்து வீட்டில் ஏதோ நாற்காலி நகர்ந்தது. அவள் கோட்டைக் கழற்றி மாட்டிவிட்டு, ஒரு ஆளுக்கு அரிசி களைந்து வைத்தாள்.