சாதுவை அடக்குதல்

அடக்க முடியாத மிருகம் என்று இவ்வுலகில் ஒன்று இல்லை. அடக்கத் தெரியாத மனிதனே உண்டு.

நீர்வேலியில் ஒரு சனசமூக நிலையத்தின் தலைவரும் ஓய்வுபெற்ற பிரதம இலிகிதருமான பொன்னம்பலத்தார் இந்த வசனத்தைத் தன் உரையின் முதல் வரியாக எழுதி, அடியில் இரண்டு கோடும் இழுத்துவிட்டு, வாசற் படலை நீக்கலால் ஒழுங்கையை எட்டிப் பார்த்தார். ஒழுங்கையில் இரண்டு நாய்கள் நின்றன. பேனாவை மூடிக்கொண்டு திரும்பவும் உள்ளே போய்விட்டார்.

ஊர் நாய்களுக்கு அவர் பயந்தவரல்லர். பயம் தன் நாயை நினைத்துத்தான்.

நாயின் பெயர் சாது. பெயரை வைத்தவரும் அவரே. மனிதர் யாரைக் கண்டாலும் அது குழைந்து வாலாட்டும். தபாற்காரனின் கையை நக்கும். இன்னொரு நாயின் வால்நுனி தெரிந்தால் மட்டும் வேறு பிறவியாகிவிடும். பிரதான வீதிக்குப் போக இருப்பதோ அந்த ஒரே ஒழுங்கை. இரண்டு பக்கமும் வாழைத்தோட்டம், வழியில் நாலு வீடு, நாலு வீட்டிலும் நாய். சாதுவைக் கூட்டிக்கொண்டு போனால் சண்டை. விட்டுவிட்டுப் போனால் மதில் பாய்ந்து பின்னால் வந்து சண்டை. அறைக்குள் பூட்டினால் கதவைத் தின்னும். ஒரு கதவு ஏற்கெனவே போய்விட்டது. இப்படி எட்டு மாதமாக ஊரின் தலைவர் தன் வீட்டு முற்றத்தை மட்டும் ஆண்டுகொண்டிருந்தார்.

"இஞ்சேருங்கோ, நான் கோயிலுக்குப் போய் மூண்டு வெள்ளியாச்சு," என்றாள் மனைவி அருந்ததி. "நான் கலியாணம் கட்டினது உங்களையோ உந்த நாயையோ எண்டு எனக்கே விளங்கேல்லை."

"பயிற்சி நடக்குது. அவசரப்படாதை."

பயிற்சி என்பது இதுதான். சாது குட்டியாக வந்தபோது, நாய் பழக்கும் வெள்ளைக்காரன் ஒருவனைப் பொன்னம்பலத்தார் கைத்தொலைபேசியில் பார்த்தார். அவன் "ஷ்ஷ்" என்று ஒரு சத்தம் போட்டால் போதும், கரடி மாதிரி நாயும் பூனை மாதிரிப் படுத்துவிடும். இவரும் சொன்னார், சாதுவும் படுத்தது. ஒரு வருடம் அப்படியே நடந்தது. பிறகு, போன தை மாதத்திலிருந்து, அதே "ஷ்ஷ்"ஷுக்கு அதே நாய் பாயத் தொடங்கியது. "வளருற வயது," என்று விளக்கம் சொல்லிவிட்டு அவர் இன்னும் பலமாக "ஷ்ஷ்" சொன்னார். சாது இன்னும் பலமாகப் பாய்ந்தது.

அதே தை மாதத்தில் இன்னொன்றும் நடந்தது. அது அருந்ததிக்கு மட்டும் தெரியும். மேல்வரிசைக்குக் கட்டுப்பல் பூட்டியிருந்தார். பக்கத்தில் பூட்டினால் தெரிந்த சனம் கண்டுவிடும் என்று வவுனியா வரைக்கும் போய்ப் பூட்டியது. கொஞ்சம் தளர்வு. உதட்டைக் குவித்துப் பிடித்தால்தான் நிற்கும். இறுக்கிக்கொண்டு வரலாமென்றால் சாதுவை விட்டுவிட்டு வவுனியாவுக்குப் போக வழியில்லை. ஊராருக்கோ அவர் வேப்பங்குச்சியின் மகிமையை எடுத்துச் சொல்லி, "அறுபத்தொன்பது வயது, ஒரு பல் ஆடேல்லை பாருங்கோ," என்று வரிசையைக் காட்டிவந்தார்.

பக்கத்துத் தோட்டக்கார இராசமலரின் நாய் ரைகரைச் சாது இரண்டு தரம் கடித்துவிட்டது. அவருக்காக அவர் முற்றத்திலேயே கூடிய நிலையக் கூட்டத்தில் இராசமலர் எழும்பி, "மூண்டாந்தரமும் கடிச்சால் என்ன செய்யப் போறியள் அண்ணை?" என்று கேட்டாள்.

"பரந்தனிலை மச்சானின்ரை வயலிலை கொண்டுபோய் விட்டுடுவன். இது தலைவரின்ரை வாக்கு," என்றார். கைதட்டினார்கள். கூட்டக்குறிப்பிலும் எழுதிவிட்டார்கள்.

அன்றைக்குக் கூட்டம் கலைந்தபின் அவர் கதிரையில் இருக்க, சாது வழக்கம்போல அவருடைய செருப்பின்மேல் தாடையை வைத்துப் படுத்தது. அது படுப்பதே அப்படித்தான். பரந்தன் வயலில் யாருடைய செருப்பு இருக்கப் போகிறது? அவர் காலை அசைக்காமல் விளக்கு வைக்கும் நேரம்வரை இருந்தார்.

புரட்டாதியில் நிலையத்தில் விசர்நாய்த் தடுப்பூசி போட ஏற்பாடாகியது. எல்லாரும் நாய்களோடு வரவேண்டும் என்ற அறிவித்தலில் கையெழுத்து வைத்தவர் தலைவர். ஆகவே தலைவரும் நாயோடு போகவேண்டியதாயிற்று.

முற்றத்தில் முப்பது நாய்கள். நெல்லியடியிலிருந்து வந்த மிருக வைத்தியர் வினோஜா மேசையில் ஊசிகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். மேடைக் கதிரையில் பொன்னம்பலத்தார், இடது கையில் மூன்று சுற்றுச் சங்கிலி, வலது கையில் உரை, முன்னால் மைக். இறங்கிப் போகலாமென்றால் படியின் இரண்டு பக்கமும் நாய். வரிசையில் மூன்றாவதாக இராசமலரும் ரைகரும்.

"அடக்க முடியாத மிருகம் என்று இவ்வுலகில்..."

சாது உறுமியது. சங்கிலி மணிக்கட்டை இறுக்கியது. அவர் உதட்டைக் குவித்து, பல்லைப் பிடித்து, மெதுவாக, மிக அமைதியாக அந்தச் சத்தத்தைச் சொன்னார்.

இரண்டு ஒலிபெருக்கியிலும் அது வாழைத்தோட்டங்களைத் தாண்டிக் கேட்டது.

"ச்சூ!"

யாழ்ப்பாணத்தில் பிறந்த எந்த நாய்க்கும் அதன் பொருள் தெரியும். பாய், பிடி, கடி. முப்பது நாய்களும் தலைவரின் சொல்லைத் தட்டவில்லை. சாது தலைவரையும் கதிரையையும் இழுத்துக்கொண்டு மேடையிலிருந்து இறங்கி, ரைகரின் காதைப் பிடித்தது.

வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றிப் பிரிக்க அரை மணித்தியாலம் பிடித்தது.

"மைக்கிலை சூக்காட்டுறியளோ அண்ணை?" என்று இராசமலர் நனைந்த சேலையோடு கத்தினாள். "நாயைச் சூக்காட்டுறதுக்கோ உங்களைத் தலைவராக்கினது?"

"நான் சூக்காட்டேல்லை தங்கச்சி. அடக்கினனான்."

"ஊருக்கே கேட்டது, நல்லா அடக்கினியள்! இதோடை மூண்டாந்தரம். பரந்தன் பஸ் ரெண்டு மணிக்கு."

ரைகரின் காதுக்கு மருந்து வைத்துக்கொண்டிருந்த வினோஜா நிமிர்ந்தாள். "ஐயா, உங்கடை நாயிலை எனக்குப் பிழை தெரியேல்லை. சொன்னதைத்தான் அது செய்தது. நீங்கள் என்ன சொன்னனீங்கள் எண்டு ஒருக்காச் சொல்லிக் காட்டுங்கோ."

சனம் சுற்றி வளைத்து நின்றது. அவர் உதட்டைக் குவித்தார்.

"ச்சூ."

சாது துள்ளி எழும்பியது. இரண்டு பேர் அதைக் கட்டிப் பிடித்தார்கள். சிரிப்பு எழுந்தது.

"பாத்தியளோ, இப்பவும் சூக்காட்டுறார்!"

வேண்டுமென்றே சொன்னேன் என்றால் தலைவர் பதவி போகும். நாய்தான் கெட்டது என்றால் நாய் போகும். மூன்றாவது காரணம் அவருடைய வாய்க்குள் இருந்தது. ஈரத்தில் நடுங்கிய சாது மெல்ல வந்து, அவருடைய செருப்பின்மேல் தாடையை வைத்தது.

அவர் முகம் துடைக்கும் லேஞ்சியை எடுத்தார். சனத்துக்கு முதுகைக் காட்டித் திரும்பினார். அந்தப் பக்கமும் சனம் நின்றது. ரைகர் சாதுவைப் பார்த்து உறுமத் தொடங்கியது. சாதுவின் பிடரிமயிர் நிமிர்ந்தது.

"ஷ்ஷ்ஷ்," என்றார் பொன்னம்பலத்தார்.

சுத்தமாக, வெள்ளைக்காரன் சொன்னது போலவே வந்தது. சாது படுத்தது. ரைகரும் வாயை மூடிக்கொண்டது.

"சரி," என்றாள் இராசமலர், அவருடைய கையைப் பார்த்தபடி. "நாய் நிக்கட்டும்."

லேஞ்சியில் பதினான்கு பற்கள் இருந்தன.