எலுமிச்சை பட்ட இறக்கை

மலர்க்கொடி மஞ்சள் தண்ணீரில் சுண்ணாம்பைக் கரைத்தாள். ஆரத்திக்குக் கரைக்கிற அதே பக்குவம். கல்யாணமா, காதுகுத்தா, வீட்டில் விசேஷம் ஒன்றும் கிடையாது. அந்தச் சிவப்பை ஒரு காகித இறக்கையில் பூசப் போகிறாள். பேரன் எடுத்த வயதில் இப்படி ஒரு வேலை செய்வாய் என்று போன வருடம் யாராவது சொல்லியிருந்தால் வயிறு வலிக்கச் சிரித்திருப்பாள்.

எல்லாம் அவள் வீட்டுக்காரர் ஹரிதாசால் வந்தது. பத்து பெரண்டாம் என்கிற ஊரில் தொழிற்சாலை வேலை பார்த்த காலத்தில், பக்கத்து விமான நிலையத்திலிருந்து எழும்பும் விமானங்களைப் பார்த்துப் பார்த்துப் பிடித்துக்கொண்ட பைத்தியம். பால்சா என்ற லேசான மரக்குச்சிகளை ஒட்டி ஒரு சின்ன விமானத்தின் எலும்புக்கூடு செய்வார். அதன்மேல் வெங்காயத்தோல் மாதிரி மெல்லிய காகிதம் போர்த்துவார். முன்னால் ஒரு சின்ன விசிறி, உள்ளே ரப்பர். ரப்பரை முறுக்கிவிட்டால் பறக்கும். பெண்டாட்டியைப் பார்க்காத பார்வையெல்லாம் அதைப் பார்ப்பார் என்று அவளே ஊரெல்லாம் சொல்லிச் சிரித்திருக்கிறாள். இப்போது அந்தப் பேச்சை அவள் எடுப்பதே இல்லை.

இனிப்புநீர் வியாதி அவருடைய இடது கண்ணை முழுசாகக் கொண்டுபோய்விட்டது. வலது கண்ணில் பனிமூட்டம் போல ஏதோ மிச்சம். அதுவும் எத்தனை நாளைக்கு என்று சொல்ல முடியாது என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். மனுசன் அழவில்லை. வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

“ஒரு பிளேன் செய்யப் போறேன் மலரு. கடைசியா ஒரு தடவ அது பறக்குறத நான் பாக்கணும். எனக்குத் தெரியிற கலரு எதுன்னு நீ கண்டுபுடிச்சிக் குடு.”

குச்சிகளை அவர் விரலாலேயே தடவி ஒட்டிவிட்டார். வர்ணம்தான் வழிக்கு வரவில்லை. பின்வாசல் துணிக்கொடியருகே ஒவ்வொரு தாளாகப் பிடித்துக்கொண்டு அவள் நிற்பாள். அவர் கதவருகே நாற்காலியில் உட்கார்ந்து வானத்தோடு சேர்த்துப் பார்ப்பார். நீலம் வானத்தோடு போய்விட்டது. பசார் மாலாம் இரவுச் சந்தையில் வாங்கின ஜிகினாத் தாள் அவள் கண்ணுக்குத்தான் ஜொலித்தது. வெறும் மஞ்சளில் தோய்த்த தாள் வெயிலில் கரைந்தே போனது. “ம்ம், கொஞ்சம் தெரியுதுலா” என்று அவர் ஒவ்வொன்றுக்கும் சொல்ல ஆரம்பித்தார். அவளுக்குச் சந்தேகம் தட்டியது. தாளைக் கீழே வைத்துவிட்டு வெறுங்கையைத் தூக்கிக் காட்டினாள்.

“இது பரவால்ல. நல்லாவே தெரியுது.”

அவள் கோபத்தில் கத்தவில்லை. கிட்டே வந்து, கையில் ஒன்றுமில்லை என்று மட்டும் சொன்னாள். தனக்காக அவள் வெயிலில் நிற்பது பொறுக்காமல்தான் அப்படிச் சொன்னாராம். அன்றைக்கு இரண்டு பேரும் பேசி முடிவு பண்ணினார்கள். தெரியவில்லை என்றால் தெரியவில்லைதான். அவரும் பொய் சொல்லக் கூடாது, அவளும் சொல்லக் கூடாது.

அதற்குப் பிறகுதான் இந்த ஆரத்திச் சிவப்பு. மஞ்சள் தோய்த்துப் போர்த்திய இறக்கையில் அந்தச் சிவப்புத் தண்ணீரை மெதுவாகப் பூசினாள். காகிதம் தொய்ந்து, பிறகு காய்ந்து முரசுத் தோலாக இறுகியது. அவளுக்கே பெருமையாக இருந்தது. கொடியருகே தூக்கிப் பிடித்தாள்.

“கறுப்பா இருக்கு. காக்காவா பிளேனான்னு தெரியாது,” என்றார். உண்மையைத்தான் சொன்னார்.

சரி, இதையே பறக்கவிடுவோம் என்று மனசைத் தேற்றிக்கொண்டார். மறுநாள் தங்கா பத்து கடற்கரைக்குப் போவதாக ஏற்பாடு. போவதற்கு முன்னால் புது வண்டிக்குச் செய்கிறதை இதற்கும் செய் என்று கேட்டார். அவளும் கற்பூரம் காட்டி, எலுமிச்சம்பழத்தைச் சுற்றி, விமானத்துக்கு மேலேயே வைத்து வெட்டித் தொலைத்தாள். சாறு இறக்கையில் தெறித்தது. பட்ட இடமெல்லாம் சிவப்பு செத்து மஞ்சள் மறுபடி எழும்பியது. பாவி, கெடுத்துட்டேனே என்று முந்தானையால் ஒற்றப் போனவள், காகிதம் கிழிந்துவிடும் என்ற பயத்தில் அதைக் காற்றாடக் கொடியருகே கொண்டுபோனாள்.

“மலரு, அங்க என்னா மஞ்சளா? ரெண்டு மூணு எடத்துல?”

இறக்கையை மெல்ல அசைத்துப் பார்த்தாள். அசைவது தெரிகிறது என்றார். கறுப்பும் மஞ்சளுமாக வெட்டி வெட்டித் தெரிகிறது என்றார். பிறகென்ன, மிச்சப் பழத்தையும் பிழிந்து, பஞ்சில் தொட்டுத் தொட்டு, சிவப்பு முழுவதும் குறுக்குப் பட்டைகளாக மஞ்சள் இழுத்தாள். மேலே லாக்கர் வார்னிஷ் அடித்தால் சாயம் ஓடிவிடும், அடிக்காவிட்டால் வெயிலில் வெளுத்துவிடும் என்று அவர் சொன்னார். ஒரு நாளைக்குத் தாங்கினால் போதும் என்றாள் அவள்.

பக்கத்து வீட்டு முனியாண்டி அண்ணன் வேனில் கொண்டுபோய் இறக்கினார். கடலோரத் திடலில் காற்று மெலிசாக இருந்தது. ஹரிதாஸ் ரப்பரை விரலால் எண்ணி முறுக்கி, முகத்தில் காற்று படும் திசையைப் பார்த்து விமானத்தைப் பறக்கவிட்டார்.

அது எழும்பியது. வட்டம் போட்டுத் திரும்பும்போதெல்லாம் சிவப்பும் மஞ்சளும் வெயிலில் மாறி மாறி அடித்தன. மலர்க்கொடி விமானத்தைப் பார்க்கவில்லை, புருசன் முகத்தைப் பார்த்தாள். அந்த முகம் வட்டத்தோடு சேர்ந்து திரும்பியது. பொய் இல்லை, நடிப்பு இல்லை. மனுசன் பார்த்துவிட்டார். அவளுக்குக் கண் நிறைந்து வழிந்தது.

“தெரியுதுலா. மேல போகுது பாரு.”

அப்புறம் காற்று திரும்பியது. விமானம் கரைப்பக்கம் சரிந்து, விசிறி ஓய்ந்து, லாலாங் புல்லுக்குள் இறங்கிவிட்டது. அவர் முகம் மட்டும் கடல் பக்கமே அண்ணாந்து நின்றது. அங்கே வானத்தைத் தவிர வேறொன்றும் இல்லை.

“இன்னும் போகுது, என்னா மலரு?”

வாய் வரைக்கும் உண்மை வந்தது. முனியாண்டி அண்ணன் புல்லுக்குள்ளிருந்து விமானத்தை எடுத்துக்கொண்டு, ஏதோ கூப்பிட்டுச் சொல்ல வாயைத் திறந்தபடி வந்துகொண்டிருந்தார். அவள் அவரைப் பார்த்து, நிற்கச் சொல்லிக் கையைக் காட்டினாள். அவர் புரிந்துகொண்டு அங்கேயே நின்றார்.

“ஆமாங்க. போயிக்கிட்டே இருக்கு.”

சொல்லிவிட்டு அவளும் அவர் பார்த்த பக்கம் முகத்தைத் திருப்பி அண்ணாந்தாள். பின்னால், முழங்கால் உயரப் புல்லில், இறக்கையை மார்போடு அணைத்துக்கொண்டு முனியாண்டி அண்ணன் அசையாமல் நின்றிருந்தார்.