ஒரு கிலோமீட்டர் வட்டம்

நன்னடத்தை அலுவலர் என்று சொன்னால் யாருக்கும் புரிவதில்லை. பள்ளிக்கூடத்தில் ஒழுக்கப் பாடம் நடத்துகிறவன் என்று நினைப்பவர்கள்கூட உண்டு. என் மைத்துனனுக்கு இருபது வருடமாக ஒரே ஜோக்தான். "எல்லார் நடத்தைக்கும் நீங்க சர்டிபிகேட் குடுக்குறீங்க மாமா. உங்க நடத்தைக்கு யாரு குடுக்குறது?" ஒவ்வொரு தடவையும் என் மனைவி புதிதாகக் கேட்கிற மாதிரி விழுந்து விழுந்து சிரிப்பாள்.

எங்கள் அலுவலகத்தில் ஆளுக்கொரு வேலை. தீர்ப்புக்கு முன்னால் நீதிமன்றத்துக்கு அறிக்கை எழுத ஒருவர். சிறைக்குப் பதிலாகப் பொதுவேலை செய்ய வந்தவர்களைப் பூங்காவில் குப்பை பொறுக்க வைக்க ஒருவர். நிபந்தனையோடு வெளியே வந்தவர்களை வாராவாரம் உட்கார வைத்துப் பேசிக் கையெழுத்து வாங்குவது என் வேலை. அவர்களால் அடிபட்டவர்களோடு பேசுவது அக்காவின் வேலை. எல்லோருக்கும் மூத்தவர் என்பதால் அலுவலகமே அவரை அக்கா என்றுதான் கூப்பிடும். என் அறை கீழே, அவர் அறை மாடியில். இரண்டு தரப்பும் படிக்கட்டில்கூட எதிர்ப்பட்டுவிடக் கூடாது என்று மாடிக்குத் தனி வாசல் வைத்திருக்கிறார்கள்.

அக்காவின் வரைபடங்கள் மட்டும் எனக்கு இளக்காரம். வெளியே வருகிறவன் எந்தப் பகுதிக்குள் நுழையக் கூடாது என்று சிவப்புக் கோடு போட்டு அவனுக்கு ஒரு பிரதி தர வேண்டும். அக்காவின் கோடு வாய்க்காலைத் தாண்டி ஓடும், ரயில்பாதையோடு கொஞ்ச தூரம் போகும், சம்பந்தமே இல்லாத ஒரு மார்க்கெட்டைச் சுற்றிக்கொண்டு திரும்பி வரும்.

"குழந்தை கிறுக்குன மாதிரி இருக்குக்கா" என்பேன்.

"இருந்துட்டுப் போகட்டும் தம்பி" என்பார். ஏன் அப்படிப் போடுகிறார் என்று நான் ஒரு நாளும் கேட்டதில்லை. எனக்குத்தான் எல்லாம் தெரியுமே.

அக்கா கண் அறுவைச் சிகிச்சைக்கு விடுப்பில் போன வாரம் கார்பென்டர் வெளியே வந்தான். தொழிலே அவனுக்குப் பெயராகிவிட்டது. மனைவியின் தோள் எலும்பைச் சுத்தியலால் உடைத்தவன். அவன் உள்ளே இருந்த நான்கு வருடத்தில் அவள் மகளைக் கூட்டிக்கொண்டு இரண்டு வீடு மாறினாள். மூன்றாவது வீடு எங்கே என்று அவனுடைய அண்ணன் ஊரெல்லாம் சல்லடை போட்டுத் தேடியும் கிடைக்கவில்லை. அந்த வீட்டைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள் அவன் போகக் கூடாது என்பது நிபந்தனை.

வரைபடத்தை நானே போட்டேன். மகளின் ஜியாமெட்ரி பாக்ஸிலிருந்து காம்பஸை எடுத்து வந்து, முள்ளை வீட்டின் மேல் ஊன்றி, சிவப்புப் பென்சிலால் ஒரு சுற்று. இரண்டு பிரதியிலும் அப்படியே. இழுத்த கோடு பிசிறில்லாமல் வந்து சேர்ந்தபோது, அக்கா வந்ததும் காட்ட வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை நான்கு மணிக்குக் கார்பென்டர் வந்தான். மெதுவாகப் பேசுகிறவன். வரைபடத்தை வாங்கி மடியில் வைத்து, நிதானமாகப் பார்த்தான்.

"வட்டம் சுத்தமா வந்திருக்கு சார். காம்பஸ் வச்சிப் போட்டீங்களா?"

"ஆமா" என்றேன். பெருமையாகத்தான் சொன்னேன்.

அவன் கட்டைவிரல் நகத்தால் காகிதத்தின் நடுவில் ஒரு தரம் தடவினான். பிறகு நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டான். "ரொம்ப நன்றி சார்" என்றான்.

அவன் போன பிறகு என் பிரதியைக் கோப்பில் வைக்க எடுத்தேன். ஜன்னல் பக்கம் திரும்பியபோது காகிதத்தின் நடுவில் ஒரு பொட்டு வெளிச்சம் தெரிந்தது. முள் குத்திய ஓட்டை. அவள் தெரு, தெருமுனை, அந்த முனையில் அவள் வீடு.

அவசரத்துக்கு அழைக்க வேண்டிய எண் சுவரிலேயே ஒட்டியிருக்கிறது. ரிசீவரை எடுத்தேன், வைத்துவிட்டேன். இருபத்திரண்டு வருடத்தில் ஒரு மெமோ வாங்கியவன் இல்லை நான். அவனுக்கு இதெல்லாம் எங்கே புரியப் போகிறது என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன். மரத்தில் மையம் குறித்தே பிழைத்தவன் அவன். பயம் எனக்கு அவளுக்காக இல்லை, எனக்காக. சனி, ஞாயிறு இரண்டு நாளும் வாயைத் திறக்கவில்லை.

திங்கட்கிழமை காலையில் வந்தபோது, கீழே காத்திருக்கும் இடத்தில் அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் மூலை மடங்கித் தொங்கியது. நான்கு மஞ்சள் பின்களில் மூன்றுதான் இருந்தன. யாரோ பல் குத்த எடுத்திருப்பான் என்று திட்டிக்கொண்டே போய் உட்கார்ந்தேன்.

பத்து மணிக்கு, விடுப்பு முடிந்து வந்திருந்த அக்கா கறுப்புக் கண்ணாடியோடு இறங்கி வந்தார்.

"கார்பென்டர் சம்சாரம் போன் பண்ணாங்க தம்பி. சனிக்கிழமை காலைல கதவைத் திறந்தா, கதவுக்கு நட்டநடுவுல ஒரு பின் குத்தியிருந்துச்சாம். மஞ்சள் பின். வேற ஒண்ணுமில்ல. எதிர்வீட்டுப் பசங்க வெளையாட்டா இருக்கும்மான்னேன். அவங்க கேக்கல. ரெண்டு நாளா பிள்ளைய வெளிய விடாம உள்ளயே உக்காந்திருக்காங்க. எனக்கு ஒண்ணும் புரியல."

எனக்குப் புரிந்தது. கோப்பைத் திறந்து வரைபடத்தை அவர் முன்னால் வைத்தேன். அக்கா கண்ணாடியைக் கழற்றினார். சிவந்திருந்த அந்தக் கண்ணால் வட்டத்தைப் பார்த்தார், ஓட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"எப்பத் தெரியும் உனக்கு?"

"வெள்ளிக்கிழமை."

அவர் என்னைத் திட்டியிருந்தால் தேவலை. தொலைபேசியை எடுத்து, அவர்களை அந்த வீட்டிலிருந்து கூட்டி வர ஒரு வண்டிக்கு ஏற்பாடு செய்யச் சொன்னார்.

போலீஸ் விசாரித்தது. வெள்ளிக்கிழமை ராத்திரி முழுக்கத் தம்பி காய்ச்சலில் படுத்திருந்தான் என்று கார்பென்டரின் அண்ணன் சாட்சி சொன்னான். ஒரு பின்னை வைத்து யாரை உள்ளே தள்ள முடியும்?

புதன்கிழமை மாடிக்கு வரச் சொல்லி அக்கா ஆள் அனுப்பினார். கார்பென்டரின் மனைவியை நான் அன்றுதான் நேரில் பார்த்தேன். ஒரு தோள் சற்று இறங்கியிருந்தது. மகள் மூலையில் பள்ளிப்பையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அந்தப் பள்ளிக்கும் இனி போகப் போவதில்லை.

"நீங்கதானா சார் போட்டது?"

"ஆமாம்மா. மன்னிச்சிடுங்க."

"அவங்க அண்ணன் நாலு வருஷம் தேடினாரு" என்றாள்.

புது வீட்டுக்கு வேறு வரைபடம் வேண்டும் என்றும், இந்த முறை தானே பாதி நகரத்தையும் வளைத்துப் போடுவதாகவும் அக்கா சொன்னார். அவள் மறுத்துத் தலையசைத்தாள்.

"எப்படி வளைச்சாலும் உள்ளே எங்கயோ நாங்க இருக்கோம்னு ஆயிடுதே மேடம். வேணாம். நாங்க இந்த ஊர்ல இருக்கோமா இல்லையான்னே அவருக்குத் தெரியக் கூடாது."

நிபந்தனையை நீக்கக் கேட்டு ஒரு விண்ணப்பம் உண்டு. அதில் 'எனக்கு இந்தப் பாதுகாப்பு தேவையில்லை' என்று முதலிலேயே அச்சடித்திருக்கும். கீழே கையெழுத்துப் போட்டாள். சாட்சிக்கு நான் போட்டேன். அடுத்த வாரமே நீதிமன்றம் ஒப்புக்கொண்டது. அவளோடு பேசக் கூடாது என்பது மட்டும் மிஞ்சியது.

அதற்கடுத்த வெள்ளிக்கிழமை கார்பென்டர் சரியாக நான்கு மணிக்கு வந்தான். நிபந்தனை மாறினால் அடுத்த சந்திப்பிலேயே வாய்விட்டுச் சொல்லிக் கையெழுத்து வாங்க வேண்டும் என்பது விதி. பழைய வரைபடத்தைத் திருப்பிக் கேட்டேன். மடிப்புக் கலையாமல் கொண்டு வந்திருந்தான்.

"புது மேப் இல்லையா சார்?"

"இல்ல."

அவன் கையெழுத்துப் போட்டுப் பேனாவை மேஜையில் வைத்தான்.

"அப்போ இனிமே நான் எங்க வேணும்னாலும் போலாமா சார்?"

"போலாம்" என்றேன்.