இளநீலம் பூசிய கலங்கரை விளக்கம்

எங்கள் ஊருக்கு வருகிறவர்களுக்குக் கடல் ஒரு பொருட்டே இல்லை. வண்டியை விட்டு இறங்கியதும் கலங்கரை விளக்கத்துக்கு முதுகைக் காட்டி நின்று, போனைப் பார்த்துப் பல்லிளிப்பார்கள். கல்யாணம் பண்ணப் போகிறவர்களும் வருவார்கள், பண்ணி அலுத்தவர்களும் வருவார்கள். அப்படி என்னதான் இருக்கிறதோ அந்தக் கோபுரத்தில்! வாசலில் உட்கார்ந்து அவர்களுக்கு டிக்கெட் கிழிக்கிறவள் நான்.

என் வீட்டுக்காரர் படகு ஓட்டுகிறார். அவருக்கும் அந்தக் கோபுரம் வேண்டும், ஆனால் படம் பிடிக்க அல்ல. காலையில் கரை திரும்பும்போது அதன் சிவப்புப் பட்டைகளைக் குறிவைத்து வந்தால்தான் துறைமுக வாயிலில் இரண்டு பாறைகளுக்கும் நடுவே நுழைய முடியும். படகை விட்டால் எங்களுக்கு வேறு கதி கிடையாது.

இதற்கிடையே அழகுக் குழு என்று ஒன்று முளைத்தது. அதன் தலைவர் செருப்பு நனையும் என்று கடலுக்குப் பக்கத்திலேயே வராத ஆசாமி.

"சிவப்பு கண்ணைக் குத்துதும்மா. வர்றவங்க போடற துணிக்கு எடுக்கவே மாட்டேங்குது. இளநீலம் அடிச்சா போட்டோ சும்மா அள்ளும்!"

"வானமும் அதே நீலம்தானே சார்? கடல்லேருந்து பார்த்தா கோபுரம் எங்க இருக்குன்னு எப்படித் தெரியும்?"

"இப்பல்லாம் போன்லயே வழி தெரியுதே."

"பாறையோட மூக்கு தெரியுமா சார் போன்ல?"

"எதுக்கெடுத்தாலும் நொட்டை சொல்லாதம்மா."

வீட்டுக்காரர் கடலுக்குப் போயிருந்த வாரத்தில் மளமளவென்று பூசி முடித்துவிட்டார்கள். போன் போட்டுப் பார்த்தேன். நடுக்கடலில் சிக்னலுக்கு எங்கே போவது? அவர் திரும்பும் காலையில் வானம் பளிச்சென்று நீலமாக இருந்தது. வீட்டிலிருந்த சிவப்புப் போர்வையைத் தூக்கிக்கொண்டு மூச்சிரைக்கக் கோபுரத்தில் ஏறி, உச்சிக் கம்பியில் கட்டினேன்.

"அக்கா, துணி காயப்போட வேற இடமே கிடைக்கலையா?" என்று கீழிருந்து கத்தினாள் ஒரு மணப்பெண்.

தலைவர் உடனே ஆளை அனுப்பிப் போர்வையை அவிழ்க்கச் சொன்னார். நான் கத்தினேன், கெஞ்சினேன், அவன் கையைக்கூடக் கடித்தேன். அப்படியும் அவிழ்த்துவிட்டான். கொஞ்ச நேரத்தில் படகு பாறையில் மோதும் சத்தம் மேலே வரைக்கும் கேட்டது.

நல்லவேளை, ஆட்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. படகு மட்டும் பாறையில் ஏறிச் சாய்ந்து, வயிறு கிழிந்து கிடந்தது. மறுநாளிலிருந்து கூட்டம் இரண்டு பங்கானது. நீலக் கோபுரம், கீழே உடைந்த படகு! தலைவருக்கு வாயெல்லாம் பல். பாறையைச் சுற்றிக் கயிறு கட்டி, படகை யாரும் அசைக்கக் கூடாது என்று பலகையும் மாட்டிவிட்டார்.

எஞ்சினையாவது கழற்றலாம் என்று ஸ்பானருடன் போனார் வீட்டுக்காரர். பின்னாலேயே நானும் ஓடினேன். கயிற்றைத் தாண்டி ஒரு கையைப் படகின் மேல் வைத்திருப்பார், அவ்வளவுதான்.

"அங்கிள், கொஞ்சம் தள்ளி நில்லுங்களேன். போட்டோல விழறீங்க," என்றான் ஒரு மாப்பிள்ளை, மரியாதையாகத்தான்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஊரையே ஏசுகிற மனுஷன், இன்றைக்கு அவனை உண்டு இல்லை என்று ஆக்கப்போகிறார் என்று பார்த்தேன். அவர் படகிலிருந்து கையை எடுத்துச் சட்டையில் துடைத்துக்கொண்டார். பிறகு தள்ளிப் போய் நின்று, "இது போதுமா தம்பி?" என்று கேட்டார்.